வேல்ஸ் சுரங்கக் குடும்பங்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1830-களிலிருந்து முதல் உலகப் போர் வரை தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அட்லாண்டிக்கைக் கடந்தன. அதிகமானோர் போய்ச் சேர்ந்த இடம் பென்சில்வேனியாவின் வடகிழக்கு மூலை. இங்குள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த ஒரு பாதையைப் பற்றியவை. ஆண்டைப் பொறுத்துப் பயணம் மிகவும் மாறுபட்டது. 1840-ல் போனவரின் அனுபவத்தை 1880-ல் போனவருக்குப் பொருத்திப் பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. அதனால் முடிந்த இடத்திலெல்லாம் ஆண்டு கொடுத்திருக்கிறோம்.

எத்தனை பேர் போனார்கள்?

அமெரிக்கக் குடிக்கணக்கில் "வேல்ஸில் பிறந்தவர்" என்று பதிவானோர் 1850-ல் 29,868 பேர், 1870-ல் 74,533 பேர், 1890-ல் 1,00,079 பேர். அதுவே உச்சம். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பென்சில்வேனியா என்ற ஒரே மாநிலத்தில் இருந்தார்கள். அயர்லாந்துக்காரர்களோடு ஒப்பிட்டால் இது சிறு கூட்டம். ஆனால் அந்தச் சிறு கூட்டம் சில ஊர்களில் அடர்ந்து குடியேறியது. பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகரில் 1870-ல் வேல்ஸில் பிறந்தவர் மட்டுமே 4,000-க்கு மேல். அந்நகரின் ஹைட் பார்க் பகுதியில் கடைத்தெருவிலும் கிறிஸ்தவ சபையிலும் வேல்ஸ் மொழிதான் ஓடியது.

வேல்ஸிலேயே வேண்டிய மட்டும் நிலக்கரி இருந்ததே, பிறகு ஏன் போனார்கள்?

நிலக்கரி இருந்தது, நிலையான கூலி இல்லை. தெற்கு வேல்ஸில் கூலி இரும்பு விலையோடும் கரி விலையோடும் சேர்ந்து ஏறி இறங்கியது. விலை சரிந்தால் முதலாளி கூலியைக் குறைப்பார், தொழிலாளர் வேலையை நிறுத்துவார்கள், சில மாதம் பட்டினி கிடந்து குறைந்த கூலிக்கே திரும்புவார்கள். 1857-ல் அபர்டேரிலும், 1875-ல் தெற்கு வேல்ஸ் முழுக்கவும் இப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கப்பல் முகவர்களின் வாசலில் கூட்டம் சேர்ந்தது.

போனவர்கள் ஊரிலேயே மிக ஏழைகள் என்று நினைக்க வேண்டாம். பரம ஏழையால் கப்பல் கூலி கொடுக்க முடியாது. கையில் தொழிலும், கொஞ்சம் சேமிப்பும், அக்கரையில் ஒரு சொந்தக்காரரும் இருந்தவர்களே கிளம்பினார்கள். வேல்ஸிலிருந்து மாபெரும் வெளியேற்றம் நடக்காததற்கும் காரணம் உண்டு. ரொந்தா பள்ளத்தாக்குச் சுரங்கங்கள் 1860-களுக்குப் பிறகு வேகமாக வளர்ந்து, நிலமற்ற கிராமத்தாரை உள்நாட்டிலேயே இழுத்துக்கொண்டன.

அமெரிக்கர்களுக்கு ஏன் குறிப்பாக வேல்ஸ்காரர்கள் தேவைப்பட்டார்கள்?

வடகிழக்குப் பென்சில்வேனியாவில் கிடைப்பது ஆந்த்ரசைட் என்ற கெட்டியான, பளபளக்கும், புகை குறைந்த நிலக்கரி. வேல்ஸ் மொழியில் அதன் பெயரே "க்லோ கார்ரெக்", அதாவது கல் கரி. எளிதில் தீப்பிடிக்காது, வெட்டவும் கடினம். ஸ்வான்சீக்கு வடக்கே, வேல்ஸ் நிலக்கரிப் பகுதியின் மேற்கு ஓரத்தில் இதே கரியைத் தலைமுறையாக வெட்டிப் பழகியவர்கள் இருந்தார்கள்.

அதை வைத்து இரும்பு உருக்கும் வித்தையும் அங்கிருந்துதான் போனது. இஸ்த்ராட்கன்லைஸ் அருகே இனிஸ்கெட்வின் ஆலையில், சூடேற்றிய காற்றை உலைக்குள் ஊதி ஆந்த்ரசைட்டால் இரும்பு உருக்கலாம் என்று 1837-ல் செய்து காட்டினார்கள். அந்த ஆலையின் டேவிட் தாமஸை ஒப்பந்தம் போட்டு 1839-ல் பென்சில்வேனியாவுக்கு வரவழைத்தார்கள். கட்டசாக்வாவில் அவர் கட்டிய உலை 1840 ஜூலை 4 அன்று முதல் இரும்பைத் தந்தது. அதன் பிறகு ஆந்த்ரசைட்டின் தேவை ஏறியது, கூடவே அதை வெட்டத் தெரிந்தவரின் மதிப்பும் ஏறியது.

குடும்பமாகப் போனார்களா, ஆண்கள் மட்டுமா?

வழக்கமான முறை இரண்டு கட்டம். முதலில் அப்பாவோ மூத்த மகனோ போவார். வேலை, தங்குமிடம் எல்லாம் அமைந்ததும் ஓராண்டு ஈராண்டில் மற்றவர்களை அழைப்பார். "மைஃபான்வி" பாடலுக்கு இசையமைத்த ஜோசப் பாரி தெற்கு வேல்ஸின் மெர்த்தர் டிட்விலில் 1841-ல் பிறந்தவர், சிறுவனாகவே சுரங்கத்தில் இறங்கியவர். அவருடைய அப்பா 1853-ல் பென்சில்வேனியாவின் டேன்வில் ஊருக்குப் போனார். அம்மாவும் பிள்ளைகளும் 1854-ல் பின்தொடர்ந்தார்கள். இதை மாதிரிக் குடும்பமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பின்னால் வருபவர்களுக்கு ரொக்கம் அனுப்புவதைவிட முன்பணச் சீட்டு அனுப்புவது பாதுகாப்பு. ஸ்க்ரான்டனிலேயே கப்பல் முகவரிடம் பணம் கட்டி, சீட்டைத் தபாலில் வேல்ஸுக்கு அனுப்புவார்கள். அதை லிவர்பூல் அலுவலகத்தில் காட்டினால் இடம் கிடைக்கும். சீட்டில் பெயர் குறிக்கப்பட்டிருப்பதால் வழியில் திருடினாலும் திருடனுக்குப் பயனில்லை.

இன்னொரு காகிதத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: சபை மாற்றக் கடிதம். பிறந்த ஊரின் காங்கிரகேஷனல், பாப்டிஸ்ட் அல்லது கால்வினிஸ்டிக் மெத்தடிஸ்ட் சபை, "இவர் எங்கள் சபையில் நல்ல நிலையில் இருந்த உறுப்பினர்" என்று எழுதிக் கொடுக்கும். அந்நிய ஊரில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை அதைக் கொடுத்தால் சபையில் இடம் உண்டு. அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் சுரங்க மேற்பார்வையாளராக இருப்பார். திங்கட்கிழமை வேலை கேட்க அதைவிட நல்ல வழி இல்லை. இந்தக் குடிபெயர்வைத் தாங்கிப் பிடித்தது நிறுவனங்களின் விளம்பரம் அல்ல, சொந்தக்காரரின் கடிதமும் சபையின் கடிதமும்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பள்ளத்தாக்கிலிருந்து துறைமுகம் வரை எப்படிப் போனார்கள்?

1850-களின் நடுப்பகுதிக்கு முன்பு, ஸ்வான்சீயிலோ கார்டிஃபிலோ கரையோரக் கப்பல் ஏறி லிவர்பூல் போவது சாதாரணம். பிறகு ஹியர்ஃபோர்ட், ஷ்ரூஸ்பரி வழியாக ரயில் பாதை இணைந்ததும், மெர்த்தரில் மூட்டையை ஏற்றி லிவர்பூலின் மெர்சி ஆற்றங்கரையில் இறக்கலாம் என்றானது. வேல்ஸ் துறைமுகங்களிலிருந்தே நேராக அமெரிக்கா போன பாய்மரக் கப்பல்களும் உண்டு. அவை பெரும்பாலும் சரக்குக் கப்பல்கள், ஆளுக்கு ஓரம் ஒதுக்குவார்கள். கார்டிஃபிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி நீராவிச் சேவை ஒன்று 1872-ல் தொடங்கியது. "கிளமோர்கன்", "பெம்ப்ரோக்" என்று கப்பல்களுக்குப் பெயர். 1873-ல் அமெரிக்காவில் தொழில் முடங்கியதும் அந்தச் சேவை தாக்குப்பிடிக்கவில்லை. கடைசி வரை லிவர்பூல்தான் முதன்மைத் துறைமுகம்.

லிவர்பூலில் என்னென்ன தவறாகப் போகும்?

முதல் ஆபத்து ரயில் நிலைய வாசலிலேயே காத்திருக்கும். தங்கும் விடுதிகளுக்கு ஆள் பிடித்துத் தருபவர்கள் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள், மூட்டைக்குப் பின்னால் குடும்பமும் ஓட வேண்டியதுதான். அங்கே அறைக்கு இரட்டிப்பு வாடகை, மூட்டையை மீட்கத் தனிக் கட்டணம். ஆங்கிலம் தெரியாத குடும்பம் எளிதில் சிக்கியது. அதனால்தான் வேல்ஸ் மொழி பேசும் முகவர்களும் விடுதிக்காரர்களும் லிவர்பூலில் பெருகினார்கள். வேல்ஸ் மொழிச் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்து, ரயிலடிக்கே ஆள் அனுப்பி அழைத்துப்போவதாகச் சொன்னார்கள். விவரம் தெரிந்தவர்கள் ஊரிலேயே முன்பணம் கட்டி, அந்த முகவரின் முகவரியை அட்டையில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது ஆபத்து நாணய மாற்று. "அமெரிக்காவில் உங்கள் தங்க நாணயம் செல்லாது" என்று சொல்லி மதிப்பில்லாத தாளைத் தலையில் கட்டுவார்கள். தங்க சாவரின் என்ற பிரிட்டிஷ் நாணயம் அன்று எந்த ஊரிலும் செல்லும். அதை மாற்றாமல் துணியில் தைத்துக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது, மருத்துவப் பரிசோதனை. வரிசையில் நிற்கவைத்து நாக்கைப் பார்ப்பார்கள், சீட்டில் முத்திரை விழும். சில நொடிதான். ஆனால் ஒரு குழந்தைக்கு அம்மைத் தழும்பு புதிதாகத் தெரிந்தால் மொத்தக் குடும்பமும் கரையில் நிற்க வேண்டியிருக்கும்.

கப்பல் கூலி எவ்வளவு, எத்தனை நாள்?

பாய்மரக் கப்பலின் கீழ்த்தளத்தில் பெரியவருக்கு 3 முதல் 5 பவுண்ட். பயணம் 5 முதல் 8 வாரம், எதிர்க்காற்று அடித்தால் இன்னும் நீளும். லிவர்பூலுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் இடையே 1850 டிசம்பரில் "சிட்டி ஆஃப் கிளாஸ்கோ" நீராவிக் கப்பலை இன்மன் நிறுவனம் ஓட்டத் தொடங்கியது. அந்நிறுவனம் சில ஆண்டுகளில் கீழ்த்தளப் பயணிகளையும் நீராவியில் ஏற்றியது. கட்டணம் சுமார் 6 கினி, அதாவது 6 பவுண்ட் 6 ஷில்லிங். நாள் 10 முதல் 14. 1860-களின் முடிவில் பெரும்பாலோர் நீராவிக்கு மாறிவிட்டார்கள். கட்டண வேறுபாடு 2 பவுண்ட் என்றாலும், ஒரு மாதக் கூலியை முன்னதாகவே சம்பாதிக்க முடியும் என்பதால் கணக்கு நேராகிவிடும்.

நீராவி என்றால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. அதே "சிட்டி ஆஃப் கிளாஸ்கோ" 1854 மார்ச்சில் சுமார் 480 பேரோடு லிவர்பூலை விட்டது, பிறகு அதைக் கண்டவர் யாருமில்லை.

பிள்ளைகளுக்கு அரைக் கட்டணம். 1855 சட்டப்படி 1 முதல் 12 வயதுக்குள் இருக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரு பெரியவருக்குச் சமம். உணவுப் பங்கும் அதே கணக்குத்தான். பட்டியலில் 11 வயது என்று எழுதப்பட்ட பிள்ளைகளை இந்தக் கட்டணத்தையும் மனதில் வைத்தே படிக்க வேண்டும்.

கப்பலில் என்ன சாப்பிட்டார்கள்?

1855 பயணிகள் சட்டம் ஒரு பெரியவருக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயித்தது (ஒரு ராத்தல் என்பது 454 கிராம்): ரொட்டி அல்லது பிஸ்கட் 3½ ராத்தல், கோதுமை மாவு 1, ஓட்ஸ் மாவு 1½, அரிசி 1½, பட்டாணி 1½, உருளைக்கிழங்கு 2, மாட்டிறைச்சி 1¼, பன்றி இறைச்சி 1, சர்க்கரை 1 ராத்தல். தேயிலை 2 அவுன்ஸ், உப்பு 2 அவுன்ஸ், கொஞ்சம் கடுகு, மிளகு, வினிகர். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 குவார்ட், அதாவது 3.4 லிட்டர்.

காகிதத்தில் இது போதுமான அளவு. சிக்கல் சமையலில் இருந்தது. பழைய பாய்மரக் கப்பல்களில் பொருளைப் பச்சையாகவே கொடுப்பார்கள். மேல்தளத்தில் ஓரிரு அடுப்பு, நூற்றுக்கணக்கான பயணிகள். சமையல்காரனுக்குக் காசு கொடுத்தவர் முதலில் சமைப்பார், மற்றவர் மாலைவரை நிற்பார். புயலடித்தால் அடுப்பையே அணைத்துவிடுவார்கள். அந்த நாட்களில் ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ந்த ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உப்பிட்ட பன்றியும்தான் துணை. நீராவிக் கப்பல்களில் சமைத்தே கொடுத்தார்கள். நாள் குறைந்ததால் பசியும் குறைந்தது.

படுக்கை, சுகாதாரம்?

இரண்டு அடுக்குப் பலகை. ஒருவருக்கு 6 அடி நீளம், 18 அங்குல அகலம். மெத்தை தர மாட்டார்கள், வைக்கோல் திணித்த பையைக் கரையிலேயே வாங்க வேண்டும். கரை தெரியும் நாளில் அதைக் கடலில் எறிந்துவிடுவது வழக்கம். 14 வயதுக்கு மேற்பட்ட மணமாகாத ஆண்களுக்கு முன்பக்கத்தில் தனி இடம் என்று 1850-களின் சட்டங்கள் சொன்னதால், 15 வயது மகன் அம்மாவோடு இல்லாமல் அங்கே படுத்தான்.

கொல்லும் நோய்கள் இரண்டு. பேன் வழியாகப் பரவும் டைஃபஸ் ஒன்று. 1849-லும் 1853, 54-லும் கடல் கடந்த காலரா மற்றொன்று. குழந்தைகளைத்தான் அதிகம் பறித்தன. மூடிய தளத்தில் காற்று கெடாமல் பலகைகளை வினிகரால் துடைப்பார்கள், காற்று அமைதியான நாளில் எல்லோரையும் மேலே அனுப்புவார்கள். சுரங்கக் குடும்பங்கள் இருட்டுக்கும் நெரிசலுக்கும் பழகியவை. ஆனாலும் சுரங்கத்தில் பத்து மணி நேரத்தில் மேலே வந்துவிடலாம்.

மூட்டையில் என்ன வைத்தார்கள்?

தகரத் தட்டு, கோப்பை, கத்தி, கரண்டி, தண்ணீர் கேன், போர்வை. பூட்டுள்ள மரப்பெட்டியில் ஞாயிற்றுக்கிழமை உடை, வேல்ஸ் மொழி வேதாகமம், பாட்டுப் புத்தகம். கருவிகளைச் சுமந்து போவதில் பயன் குறைவு. சாய்ந்த அடுக்குகளில் கெட்டிக் கரியைத் துளைக்க நீண்ட துளைக்கம்பிதான் தேவை, அதை அங்கேயே வாங்கலாம். பெட்டியின் எல்லாப் பக்கமும் பெயரையும் போய்ச்சேரும் ஊரையும் வண்ணத்தால் எழுத வேண்டும். "ஜான் ஜோன்ஸ், நியூயார்க்" என்று மட்டும் எழுதினால் அதே கப்பலில் இன்னும் மூன்று ஜான் ஜோன்ஸ் இருப்பார்கள்.

நியூயார்க்கில் இறங்கியதும்?

குடியேறுவோரைப் பதிந்து உள்ளே அனுப்பும் நிலையம் 1855 ஆகஸ்ட் முதல் 1890 ஏப்ரல் வரை காஸில் கார்டன், 1892 ஜனவரி 1 முதல் எல்லிஸ் தீவு. 1855-க்கு முன் வந்தவர்கள் நேராகத் துறைமுகக் கரையில் இறங்கி, லிவர்பூலில் பார்த்த அதே வகை ஆள்பிடிகளிடம் விழுந்தார்கள். காஸில் கார்டனுக்குள்ளேயே ரயில் சீட்டும் நாணய மாற்றும் கிடைத்தது பெரிய பாதுகாப்பு.

1885 பிப்ரவரியில் ஒப்பந்தத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. வேலை தருவதாக முன்னரே ஒப்பந்தம் செய்து அயல்நாட்டுத் தொழிலாளரை வரவழைப்பது குற்றமானது. அதனால் இறங்குமிடத்தில் ஒரு விசித்திரமான இக்கட்டு. "கையில் வேலை இருக்கிறதா?" என்று கேட்டால் பெருமையாக "ஆமாம், எனக்காக இடம் வைத்திருக்கிறார்கள்" என்று சொன்னவர் திருப்பி அனுப்பப்படலாம். "அண்ணனிடம் போகிறேன், வேலை தேடிக்கொள்வேன்" என்பதே சிக்கலில்லாத பதில். பெரும்பாலோருக்கு அதுதான் உண்மையும்கூட.

அங்கிருந்து ஸ்க்ரான்டனுக்கு?

1856-க்குப் பிறகு எளிது. படகில் ஹட்சன் ஆற்றைக் கடந்து நியூஜெர்சிக் கரையில் ரயில் ஏறினால் அன்றே போய்ச் சேரலாம். அதற்கு முன்னே ஸ்க்ரான்டன் அருகிலுள்ள சுரங்க ஊரான கார்பண்டேலுக்குப் போனவர்கள் ஹட்சனில் ராண்டவுட் வரை, பிறகு கரி ஏற்றும் கால்வாய்ப் படகில் ஹோன்ஸ்டேல் வரை, மிச்சத்துக்கு மலைமேல் என்று பல நாள் பட்டார்கள். தெற்கே பாட்ஸ்வில் பக்கம் போவோர் ஃபிலடெல்ஃபியாவில் இறங்குவதே நல்லது. 1842 முதல் அங்கிருந்து நேர் ரயில் இருந்தது.

சுரங்கத்தில் வேலை எப்படி நடந்தது?

பென்சில்வேனிய ஆந்த்ரசைட் சுரங்கத்தில் கரி வெட்டும் "மைனர்" என்பவர் மாதச் சம்பளக்காரர் அல்ல, சின்ன ஒப்பந்தக்காரர். அவருக்கு ஓர் அறை ஒதுக்கப்படும். இரு பக்கமும் கரித்தூண்களை விட்டு, நடுவில் 24 முதல் 30 அடி அகலத்துக்குக் கரியை வெட்டி மேல்நோக்கிப் போக வேண்டும். கூரையைத் தாங்க மரம் நடுவதும் அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே கரி வாரிப் போடும் உதவியாள் ஒருவர்.

வெடி வைப்பதில்தான் கைத்திறன் தெரியும். கைத்துளைக்கம்பியால் 5, 6 அடி ஆழத்துக்குத் துளை போடுவார். எங்கே, எந்தச் சாய்வில் போடுவது என்பதே பாதி வித்தை. தவறினால் கரி நொறுங்கித் தூளாகும், அல்லது வெடி வெறுமனே வெளியே ஊதிவிடும். தாளை ஒரு கட்டையில் சுற்றி ஒட்டிக் குழலாக்கி, கருமருந்தை நிரப்பித் துளையின் அடிக்குத் தள்ளுவார். அதில் மெல்லிய நீண்ட ஊசியைச் செருகி, ஊசியைச் சுற்றி ஈரக் களிமண்ணை இடித்து இறுக்குவார். பிறகு ஊசியைச் சுழற்றி மெதுவாக உருவினால் மருந்து வரை ஒரு நுண்ணிய வழி கிடைக்கும். அந்த வாயில் மருந்து தடவிய சின்னத் தாள்குழலைச் செருகிப் பற்றவைத்து, குரல் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும். குழல் வாணம்போல் உள்ளே பாய்ந்து மருந்தைத் தொடும்.

தவறுவது இரண்டு இடத்தில். இடிக்கும் கம்பியின் முனை இரும்பாக இருந்தால் கல்லில் உரசிப் பொறி கிளம்பும், முனைக்குச் செம்பு போடுவது அதனால்தான். வெடிக்காத துளையிடம் அவசரப்பட்டுத் திரும்புவது மற்றொன்று. அனலாக உள்ளே கனிந்துகொண்டிருக்கும் மருந்து, ஆள் கிட்டே போனதும் வெடிக்கும்.

வெட்டியது போதும் என்றானதும் மைனர் மதியமே வீட்டுக்குப் போய்விடுவார். உதவியாள் வண்டிகளை நிரப்பி முடிக்க மாலையாகும். கூலியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உதவியாளுக்கு. வேல்ஸ்காரர்கள் மைனர்களாகவும், அயர்லாந்துக்காரர்கள் உதவியாட்களாகவும் இருந்த இடங்களில் இந்த ஏற்பாடே இரு சமூகங்களுக்கும் இடையே கசப்பை வளர்த்தது. அயர்லாந்துக்காரர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அறை கிடைக்காது, வேல்ஸ்காரரின் மைத்துனர் கப்பலிறங்கிய மாதமே அறை பெறுவார். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது.

சொன்ன கூலி முழுசாகக் கைக்கு வந்ததா?

இல்லை. வெடிமருந்து, எண்ணெய், கருவி எல்லாம் மைனரின் செலவு. 25 ராத்தல் வெடிமருந்துப் பீப்பாய்க்கு 1880-கள் முதல் நூற்றாண்டு முடிவு வரை நிறுவனங்கள் பிடித்த விலை 2.75 டாலர், வெளிச்சந்தையில் அதைவிட மிகக் குறைவு. வண்டியில் கல் கலந்திருப்பதாகச் சொல்லி முழு வண்டியையோ அதில் ஒரு பங்கையோ கழித்துவிடுவார்கள். டன் என்பது 2,240 ராத்தல்தான், ஆனால் சில சுரங்கங்களில் மைனர் 2,700 ராத்தலுக்கு மேல் அனுப்பினால்தான் ஒரு டன்னாக எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கரிச் சந்தை மந்தமானால் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. வேல்ஸுக்கு எழுதிய கடிதத்தில் நாள் கூலியை மட்டும் சொன்னவர் உண்மையைப் பாதிதான் சொன்னார்.

எவ்வளவு ஆபத்தான வேலை? அவொன்டேலில் என்ன நடந்தது?

அன்றாடச் சாவுகளில் பெரும்பங்கு கூரை விழுந்தவை. பெயர் தெரியாமல் ஒருவர் ஒருவராகப் போனார்கள். அவொன்டேல் மட்டும் நாட்டையே உலுக்கியது.

பென்சில்வேனியாவின் பிளைமவுத் அருகே இருந்த அந்தச் சுரங்கத்துக்கு 300 அடிக்கு மேல் ஆழமான ஒரே ஒரு குழி. ஆள் இறங்குவது, கரி ஏறுவது, காற்று போய் வருவது எல்லாம் அதே குழி வழிதான். குழியின் தலைமேல் மரத்தாலான கரி உடைக்கும் கூடம். அடியில் காற்றை இழுக்க ஓர் எரியும் உலை. 1869 செப்டம்பர் 6, திங்கட்கிழமை காலை, உலையின் தீ குழியின் மரச்சுவரைப் பற்றி மேலேறி, கூடமே எரிந்து குழிக்குள் விழுந்தது. உள்ளே இருந்த 108 பேர் ஒரு மூலையில் ஒதுங்கி, கரித்தூளாலும் தங்கள் சட்டைகளாலும் வழியை அடைத்து நச்சுக்காற்றைத் தடுக்கப் பார்த்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. காப்பாற்ற இறங்கிய தாமஸ் வில்லியம்ஸ், டேவிட் ஜோன்ஸ் இருவரும் இறந்தார்கள். மொத்தம் 110. பெரும்பாலோர் வேல்ஸ்காரர்கள். பலர் ஹைட் பார்க்கின் வாஷ்பர்ன் தெருக் கல்லறையில் இருக்கிறார்கள்.

அயர்லாந்துக்காரர்கள் தீ வைத்ததாக வதந்தி கிளம்பியது. மரண விசாரணையில் உலைதான் காரணம் என்று முடிவானது. இரண்டாவது வழி ஒன்று தோண்டியிருந்தால் அத்தனை பேரும் நடந்தே வெளியேறியிருப்பார்கள். 1870 மார்ச்சில் பென்சில்வேனியா இயற்றிய சட்டம் இரண்டு வழி, காற்றோட்டம், சுரங்க வரைபடம், அரசு ஆய்வாளர் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ளே வேலை செய்வதைத் தடுத்தது.

பெண்களும் பிள்ளைகளும் என்ன செய்தார்கள்?

சம்பளப் புத்தகத்தில் பெயர் இல்லாவிட்டாலும் குடும்பக் கணக்கை நிமிர்த்தியது பெண்கள்தான். புதிதாக வந்த ஆண்களை வாடகைக்கு வைத்து, அவர்களுக்குச் சமைத்து, கரி படிந்த துணியைத் துவைத்து, ஒவ்வொரு மாலையும் குளிக்க வெந்நீர் காய்ச்சினார்கள். கணவன் இறந்தால் அதுவே முழுநேரப் பிழைப்பு. 1870-களுக்குப் பிறகு ஸ்க்ரான்டனில் பட்டு ஆலைகள் வந்தபோது மகள்கள் அங்கே போனார்கள்.

பையன்கள் கரி உடைக்கும் கூடத்தில் தொடங்கினார்கள். சரிவான தகரப் பாதையில் கரி ஓடிவர, மேலே குறுக்குப் பலகையில் குனிந்து உட்கார்ந்து வெறுங்கையால் கல்லைப் பொறுக்கி எறிய வேண்டும். விரல் நுனி வீங்கி வெடிக்கும். 1885 சட்டம் கூடத்துக்கு 12, சுரங்கத்துக்குள் 14 என்று வயதை வைத்தது. ஆனால் வயதுக்குச் சான்று பெற்றோரின் வாய்ச்சொல்தான். அடுத்து கதவு திறக்கும் பையன், கோவேறு கழுதை ஓட்டுபவன், உதவியாள், மைனர் என்று படிப்படியாக ஏறுவான்.

சொந்த வீடு வாங்க முடிந்ததா?

முடிந்தது, வேல்ஸில் கனவாக இருந்தது இங்கே நடந்தது. ஆனால் பத்திரத்தை வரி விடாமல் படிக்க வேண்டும். நிறுவனம் விற்றது மேற்பரப்பை மட்டும். அடியிலுள்ள கரியும், அதை எடுக்கும் உரிமையும், தரை இறங்கினால் பொறுப்பேற்காத உரிமையும் நிறுவனத்திடமே. தான் வெட்டிய சுரங்கத்தின் மேல் தானே வீடு கட்டியவர்கள், ஒரு காலையில் சுவர் பிளந்திருப்பதைப் பார்த்தார்கள். பிட்ஸ்டனில் 1878-ல் எழுதப்பட்ட இப்படியொரு பத்திரம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1922-ல் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம் விழுந்தது.

திரும்பி வந்தவர்கள் உண்டா? வேறு மாநிலங்களுக்குப் போனவர்கள்?

நிறைய. 1873 செப்டம்பரில் வங்கிகள் விழுந்த பிறகு வேலையின்றித் திரும்பியவர்கள் பலர். நீராவிக் கப்பல் வந்தபின் தனியாட்கள் கூலி எங்கே கூடுதலோ அங்கே போய் வந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் மேற்கே நகர்ந்தார்கள்: ஓஹியோவின் மஹோனிங் பள்ளத்தாக்கு, இல்லினாய்ஸின் பிரெய்ட்வுட், மிசூரியின் பிவியர், கலிஃபோர்னியாவில் டயாப்லோ மலையடிவாரத்து நார்டன்வில். அயோவாவின் லூகஸ் பகுதிச் சுரங்க ஊர் ஒன்றில் வேல்ஸ் பெற்றோருக்கு 1880-ல் பிறந்த ஜான் எல். லூயிஸ், பிற்பாடு 40 ஆண்டுகள் ஐக்கியச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார்.

வேல்ஸ்காரர்களின் மேலாதிக்கம் எப்போது முடிந்தது?

1880-களிலிருந்து போலந்து, லித்துவேனியா, ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர்கள் பெருகினார்கள். 1889-ல் மைனருக்குச் சான்றிதழ் தேவை என்று சட்டம் வந்து, 1897-ல் இறுகியது. பென்சில்வேனியச் சுரங்கத்திலேயே 2 ஆண்டு அனுபவம், ஆங்கிலத்தில் குறைந்தது 12 கேள்விக்குச் சரியான பதில். ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு இது அரண். வேல்ஸிலிருந்து புதிதாக வருபவருக்கோ, 20 ஆண்டு அனுபவம் இருந்தாலும் உதவியாளாகவே தொடங்க வேண்டிய நிலை. வருகை தேய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். குடியேறியவரின் பிள்ளைகள் மேற்பார்வையாளர், ஆசிரியர், எழுத்தர் என்று மேலே வந்துவிட்டார்கள்.

இப்படிப் போன ஒரு குடும்பத்தின் சுவட்டை எங்கே தேடலாம்?

கப்பல் பட்டியலில் தொடங்க வேண்டாம். அமெரிக்க முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: குடிக்கணக்கு, குடியுரிமை மனு, சபைப் பதிவேடு, கடைசியில் கப்பல். 1890 குடிக்கணக்கு தீ விபத்தில் பெருமளவு அழிந்துவிட்டதால் 1880-க்கும் 1900-க்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கும். எல்லிஸ் தீவில் 1897-ல் தீப்பிடித்தபோது எல்லாம் போய்விட்டதாகச் சொல்வார்கள். சுங்கத்துறையிடம் 1820 முதல் கொடுக்கப்பட்ட பயணிகள் பட்டியல்கள் தனியாக இருந்ததால் பிழைத்தன. அவற்றில் நாடு என்ற இடத்தில் வேல்ஸ்காரருக்கும் "இங்கிலாந்து" என்றே எழுதியிருப்பார்கள், ஊர்ப் பெயர் இருக்காது. சுரங்கத்தில் இறந்தவர் என்றால் 1870 முதலான ஆய்வாளர்களின் ஆண்டறிக்கைகளில் பெயர், தேதி, காரணம் கிடைக்கும்.

பெயர்தான் பெரிய தடை. ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ் என்ற நாலைந்து பெயருக்குள் ஒரு நகரமே அடங்கும். ஆகவே ஒருவரை மட்டும் தேடாமல் மனைவி, பிள்ளைகள் பெயர், வயது வரிசை முழுவதையும் சேர்த்துத் தேடுங்கள்.

பிறந்த ஊர் எங்குமே கிடைக்காவிட்டால் கல்லறைக்குப் போங்கள். பழைய கற்கள் வேல்ஸ் மொழியில் இருக்கும். "எர் கோவ் அம்" என்றால் "நினைவாக". "கெனெடிகோல் ஓ" என்றால் "இந்த ஊரில் பிறந்தவர்". அடுத்து வருவதுதான் நீங்கள் தேடும் ஊர். ஆனால் வேல்ஸ் இலக்கணப்படி "ஓ" என்ற சொல்லுக்குப் பின் முதலெழுத்து மாறும். மெர்த்தர் (Merthyr) "வெர்த்தர்" (Ferthyr) ஆகும், பாண்டிப்ரித் (Pontypridd) B என்ற எழுத்தில் தொடங்கி Bontypridd ஆகும், கார்னார்வன் (Caernarfon) G என்ற எழுத்தில் தொடங்கி Gaernarfon ஆகும். வரைபடத்தில் அப்படியொரு ஊர் இல்லையே என்று விட்டுவிடாமல், முதலெழுத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.